சட்டக் கல்லூரிப் பிள்ளைகளின் இலவச சட்ட உதவி மையம்: போகலாமா?

வேலூர்ப் பக்கம் சட்டக் கல்லூரி மாணவர்கள் நடத்துகிற இலவச சட்ட உதவி மையத்தைப் பற்றி இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். போகலாம். ஆனால் கேஸ் ஜெயிக்கப் போகாதீர்கள், காகிதத்தைச் சரி செய்யப் போங்கள். வக்கீலாகப் பதிவு செய்யாதவர்கள் கோர்ட்டில் நின்று வாதாட முடியாது, அதை அவர்களே முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறார்கள். டவுனில் நாங்கள் முதலில் பார்த்த வக்கீல் ஒருவர் ஃபைலைப் பிரிக்காமலே அட்வான்ஸ் கேட்டவர், அதனால் இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

எங்கள் விஷயம் கிணறு. பேரணாம்பட்டுப் பக்கம் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் தென்னை இருக்கிறது. மோட்டார் போட்டால் தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கிறது, இளநீர் கூடக் கரிக்கிறது என்கிறார் அவர். தோல் பதனிடுகிற ஷாப் கழிவுதான் என்று ஊரே பேசும், எழுதிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

மையம் என்றால் ஓர் அறை, நாலு நாற்காலி, கூட்டமும் இல்லை. ஒரு மாணவியும் இரண்டு பையன்களும் உட்கார்ந்து முழுதாகக் கேட்டார்கள், அப்புறம் ஒரு நாள் நிலத்துக்கே வந்தார்கள். அந்தப் பெண் கொண்டு வந்த கேனை அதே கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று தடவை அலசிவிட்டு, கழுத்து வரை நிரப்பி மூடி, தேதி, நேரம், சர்வே நம்பர் எழுதிய சீட்டை ஒட்டி, மேலே டேப் சுற்றி, போட்டோவும் எடுத்துக்கொண்டது. பெரியப்பா சும்மா இருப்பாரா, "ஏம்மா, இத ஜட்ஜு குடிச்சுப் பாப்பாரா?" என்றார். "இல்லங்க ஐயா, நாமளே எடுத்தது கோர்ட்ல பெருசா எடுபடாது. 1974 தண்ணீர்ச் சட்டம் 21வது பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரங்க வந்து எடுத்து சீல் வைக்கணும். அவங்கள வர வைக்கத்தான் இது" என்றது. இந்த ஒரு விஷயத்தை இத்தனை வருஷத்தில் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தோம், கட்டணம் நம்முடையது.

இன்னொன்றும் உருப்படியாகச் சொன்னார்கள். பட்டா கூட்டாக இருப்பதால் மனுவைப் பெரியம்மா பெயரில் போடச் சொன்னார்கள். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, எஸ்.சி., எஸ்.டி.க்கும் அப்படியே. நாளைக்குக் கேஸ் என்று வந்தால் சத்துவாச்சாரி கோர்ட்டில் இருக்கிற மாவட்ட ஆணைக்குழுவில் அவர் பெயரிலேயே வக்கீல் கேட்கலாம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருப்பதையும், அங்கே இழப்பீடு கேட்க ஐந்து வருஷம் கெடு, மற்ற புகாருக்கு ஆறே மாதம் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். 2019-ல் வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் கலெக்டரிடம், மேல்விஷாரம்காரர்கள் ராணிப்பேட்டையில் மனு கொடுக்க வேண்டும். இதில் இன்னும் குழம்புகிறவர்கள் நிறையப் பேர், இவர்கள் குழம்பவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். முதல் மனுவை எழுதிக் கொண்டு வந்தார்கள் பாருங்கள், இரண்டு பக்கம் முழுக்கத் தோல் ஷாப் கழிவு பற்றிய 1996 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கு, மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும் என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னது, வழக்கை நடத்திய எம்.சி. மேத்தாவுக்குத் தமிழக அரசு 50,000 ரூபாய் தரச் சொன்னது, எல்லாம் உண்மை, நம்மூர் பெயரில் இருக்கிற தீர்ப்பு, சட்டம் படிக்கிறவர்களுக்கு உற்சாகம் வரத்தான் செய்யும். ஆனால் மனுவை வாங்குகிற கிளார்க்குக்கு முதல் பக்கத்தில் சர்வே நம்பரும் என்ன வேண்டும் என்பதும் தெரிந்தால் போதும். பெரியப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்த நஷ்டஈட்டுப் பணம் எல்லாருக்கும் வந்துச்சா?" பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்தான், இழப்பீடும் பாலாற்றைச் சுத்தம் செய்வதும் இன்னும் முடியாததால் 2025 ஜனவரி 30-ம் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடியும் உத்தரவு போட்டு, ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் கமிட்டி அமைக்கச் சொன்னதை ஒளிக்காமல் சொன்னது. மனுவைத் திரும்ப எழுதி ஒரே பக்கமாக்கிவிட்டார்கள், அது நன்றாகவே வந்தது.

பெரிய குறை தொடர்ச்சி இல்லாததுதான். செமஸ்டர் தேர்வு வந்தால் போன் எடுக்க மாட்டார்கள், கடைசி வருஷப் பிள்ளைகள் போய்விட்டால் அடுத்த பேட்ச்சுக்கு நம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு ரிஜிஸ்டர் போட்டு எந்த மனு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வைக்கலாம், வழிநடத்துகிற பேராசிரியர்கள் இதைக் கவனித்தால் நல்லது. எங்கள் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஆள் இன்னும் வரவில்லை. என்ன நடவடிக்கை என்று கேட்டு பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போட்டிருக்கிறோம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

போகிறவர்கள் சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், பழைய மனு ஏதாவது இருந்தால் அதுவும், எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ் கையோடு எடுத்துப் போங்கள், அங்கே மெஷின் கிடையாது.