அட்டோர்வாஸ்டாட்டின்: சில வருடமாகச் சாப்பிடுகிறவனின் அனுபவம்

கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 168 என்று ரிப்போர்ட் வந்தபோது எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஆனால் அப்பா 50 வயதிலேயே மாரடைப்பில் போனவர் என்பதால் ஈரோட்டில் பார்த்த டாக்டர் அதைக் குறைக்கும் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எழுதிவிட்டார். மூன்று மாதத்தில் 104. அதே அளவில்தான் இன்றும் நிற்கிறது.

நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரிக்கிறது. கல்லீரலில் அதைத் தயாரிக்கும் ஒரு நொதியை இந்த மாத்திரை தடுத்துவிடும், அப்போது கல்லீரல் தனக்கு வேண்டியதை ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லில் இருந்து இழுத்துக்கொள்ளும். இழுக்காமல் விட்டால் அந்த எல்டிஎல் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவருக்குள் படிந்துகொண்டே போய், ஒருநாள் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்துவிடும். அதுவரை பலருக்கு ஒரு வலியும் தெரியாது, எனக்குப் பயமே அதுதான்.

நம்பர் குறைந்தால் உயிர் பிழைக்குமா என்று கேட்பவர்களுக்கு: 1994-ல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகளைச் சுமார் ஐந்து வருடம் கவனித்தார்கள், இதே வகை மருந்தான சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் இறப்பு 30% குறைவு.

ஆரம்பத்தில் கெண்டைக்கால் வலித்தது. டாக்டரிடம் சொன்னேன், தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் சிபிகே ரத்த டெஸ்ட் எடுத்தார், நார்மல், வலியும் அப்புறம் போய்விட்டது. வலி கடுமையாக இருந்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே போய்ப் பாருங்கள்.

'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். கொள்ளுப்பருப்பும் ரசமும் இன்றும் விரும்பிச் சாப்பிடுகிறேன், ஆனால் 168-ஐ 104 ஆக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. காங்கேயம் பக்கம் கொப்பரைக் களங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கஷ்டம்தான், இருந்தாலும் தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90% நிறைவுற்ற கொழுப்பு, அது எல்டிஎல்லை ஏற்றும். வீட்டில் கடலையெண்ணெய்க்கு மாறிவிட்டோம்.

ஸ்டென்ட் வைத்த என் சித்தப்பா, "ஏன் கண்ணு, நார்மல்னு வந்துருச்சல்ல, இனி எதுக்கு மாத்தர?" என்று நிறுத்திவிட்டார். மாத்திரை சாப்பிட்டதால்தானே நார்மல்! சில வாரத்திலேயே பழைய அளவுக்கு ஏறிவிட்டது. மறுபடி 40 மில்லிகிராம் ஆரம்பித்தும் டாக்டர் சொன்ன 70-க்குக் கீழே எல்டிஎல் வரவில்லை. டோஸை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 6% அளவுக்குத்தான் இறங்குமாம், அதனால் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸெடிமைப்பை டாக்டர் சேர்த்தார். இப்போது 62.