பிஎஃப்சென்ஸில் எஃப்ஆர்ஆர்: ஒரு வருடம் ஓட்டிய பிறகு

தலைமை அலுவலகம், மூன்று கிளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிஎஃப்சென்ஸ் பெட்டி (ஃபயர்வால் மென்பொருள் ஓடுவது), நடுவில் ஐபிசெக் டனல்கள் (இணையம் வழியே போகும் மறையாக்கப் பாதைகள்). ஸ்டேடிக் ரூட் (எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்று கையால் எழுதுவது) போட்டே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் புதிதாக ஒரு சப்நெட் (உள் நெட்வொர்க்கின் ஒரு பிரிவு) வந்தால் நான்கு பெட்டியிலும் ஏறி இறங்க வேண்டும், எப்படியும் ஒன்றில் மறந்துபோகும். அப்படித்தான், பெட்டிகளே ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ள வைக்கும் எஃப்ஆர்ஆர் பேக்கேஜுக்கு வந்தேன். பேக்கேஜ் மேனேஜரில் தேடி நிறுவ இரண்டு நிமிடம், தனியாகக் காசு கிடையாது. உள்ளே ஓடுவது 2017-இல் க்வாகா என்ற ரூட்டிங் மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த அதே எஃப்ஆர்ஆர்தான், எனவே ரூட்டிங் வேலையில் எனக்குக் குறையே இல்லை. மண்டை காய்ந்ததெல்லாம் வேறு இடத்தில், அதிலும் பெரும்பாலும் என் தப்பு.

முதல் நாள் ஓஎஸ்பிஎஃப் (ஒரே நிறுவனத்தின் பெட்டிகள் தமக்குள் வழிகளைப் பரிமாறும் புரோட்டோகால்). ஏரியா 0, விடிஐ இன்டர்ஃபேஸ் (டனலையே ஒரு நெட்வொர்க் போர்ட் போலக் காட்டுவது; பழைய பாலிசி வகை டனலில் இது நடக்காது, விடிஐ கட்டாயம்), பாயின்ட்-டு-பாயின்ட், எல்லாம் சரியாகப் போட்டும் நெய்பர் (எதிர்முனைப் பெட்டி) பட்டியல் காலி. ரூட்டர் புத்தியிலேயே இருந்துவிட்டேன். இது ஃபயர்வால், ஓஎஸ்பிஎஃப் டிசிபியும் இல்லை யுடிபியும் இல்லை, ஐபி புரோட்டோகால் 89. நாமாக ரூல் போடாவிட்டால் 224.0.0.5-க்கு வரும் ஹலோ (நான் இருக்கிறேன் என்று சொல்லும் பாக்கெட்) வாசலிலேயே விழுந்துவிடும். சரி என்று ரூல் போட்டேன், அதையும் விடிஐ-யின் டேபில் போட்டுவிட்டு அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் எதையும் மாற்றாதவரை ஐபிசெக் டேபில் உள்ள ரூல்தான் செல்லும். அங்கே மாற்றியதும் நெய்பர் எழுந்து, எக்ஸ்ஸ்டார்ட் என்ற பாதி நிலையில் போய் உட்கார்ந்துகொண்டது. எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு)! ஒரு பக்கம் 1400, மறுபக்கம் 1500. இரண்டையும் 1400 ஆக்கினேன், ஃபுல், அதாவது இணைப்பு முழுமை.

அடுத்த வேடிக்கை ஒரு கிளைக்கு இரண்டாவது டனல் போட்டபோது. நடுவில் வேறொரு கிளையின் பெட்டி வழியாகப் போகும் பாதை அது. போகும் பாக்கெட் ஒரு வழி, திரும்பும் பாக்கெட் இன்னொரு வழி. ரூட்டருக்கு இதில் கவலையே இல்லை, ஆனால் ஸ்டேட் (எந்த இணைப்பு எங்கே தொடங்கியது என்ற கணக்கு) பார்க்கும் ஃபயர்வால், இணைப்பைத் தொடங்கும் எஸ்ஒய்என்-ஐப் பார்க்காமல் அதற்குப் பதிலான எஸ்ஒய்என்-ஏசிகே மட்டும் வந்தால் தூக்கிப் போட்டுவிடும். லாகில் டிசிபி:எஸ்ஏ என்று வரிசையாகச் சிவப்பு. ஸ்லாப்பி ஸ்டேட் என்று, இந்தச் சோதனையைத் தளர்த்தும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. இரு முனையிலும் மெட்ரிக்கை (பாதையின் செலவு எண்) ஒரே மாதிரி வைத்தேன், போகவர ஒரே பாதை, தீர்ந்தது. இன்னொன்று, டெட் நேரம் (ஹலோ வராமல் எதிர்முனை போய்விட்டது என்று முடிவுகட்டும் நேரம்) இயல்பாக 40 நொடி. லைன் முழுசாக அறுந்தால் பரவாயில்லை, இன்டர்ஃபேஸ் எழுந்தே இருந்து பாக்கெட் மட்டும் போகாத நாளில் அந்த 40 நொடி போன் பேசுபவருக்கு ஒரு யுகம். ஹலோ 1, டெட் 4 என்று குறைத்துவிட்டேன்.

பிஜிபி (வெவ்வேறு நிறுவன நெட்வொர்க்குகள் வழிகளைப் பரிமாறும் புரோட்டோகால்) டேட்டா சென்டர் பக்கத்துக்கு மட்டும். இணைப்பு எஸ்டாப்ளிஷ்டு ஆகிவிட்டது, ஒரு பிரிஃபிக்ஸ் (நெட்வொர்க் முகவரித் தொகுதி) கூட வரவில்லை. போன் போட்டுச் சத்தம் போட்டேன். டேட்டா சென்டர் பையன் பொறுமையாக, "சார், உங்க பக்கம் ரூட் மேப் இருக்கான்னு பாருங்க" என்றான். ரூட் மேப் என்றால் எந்த வழியை வாங்கலாம், கொடுக்கலாம் என்று சொல்லும் ஃபில்டர். இல்லை. பிஜிபி சம்மரியில் எண் வர வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிக்குள் பாலிசி என்று அது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. வெளி ஏஎஸ்-உடன் (வேறொரு நிர்வாகத்தின் நெட்வொர்க்) பேசும்போது உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று ஃபில்டர் இல்லாவிட்டால் எதையும் வாங்காது, எதையும் கொடுக்காது. ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தர ஆவணம் சொல்வது அதைத்தான். நல்ல விதிதான், அன்றைக்குத்தான் கசந்தது.

திரைகளைப் பற்றி: குளோபல், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி எல்லாம் தனித்தனிப் பக்கங்கள், பிஜிபி நெய்பர் பக்கம் அனுமார் வால். ஸ்டேட்டஸ் பக்கம் அருமை, பாதி நேரம் விடிஒய்எஸ்எச் (எஃப்ஆர்ஆரின் கட்டளைத் திரை) பக்கமே போக வேண்டாம். ரா கான்ஃபிக் (கான்ஃபிக் ஃபைலை நேரடியாக எழுதும் இடம்) டேபில் மட்டும் விளையாட்டாகச் சேவ் அழுத்திவிடாதீர்கள், அப்புறம் மற்ற பக்கங்களில் எதை மாற்றினாலும் எடுபடாது. இரண்டே இடம், ஒரே டனல் என்றால் இதெல்லாம் வேண்டாம், ஸ்டேடிக் ரூட் போதும். நான் போன மாதம் ஒரு கிளையில் புது விலான் (தனி உள் நெட்வொர்க்) சேர்த்தேன், அந்த ஒரு பெட்டியைத் தவிர வேறு எதிலும் கை வைக்கவில்லை.