ஃபயர்வாலில் கிளையண்ட் விதியும் சர்வர் விதியும்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் போட்டோகொப்பிக் கடையில் இரண்டு கணினிகள். எந்த இணைப்பை விடுவது, எதைத் தடுப்பது என்று அவற்றின் ஃபயர்வாலுக்கு விதிகளாகச் சொல்ல வேண்டும். பிரவுசருக்கு கிளையண்ட் விதி போதும்: இணைப்பை நாமே தொடங்குகிறோம், எதிர்ப்பக்கம் போர்ட் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) 443, பதில் தானாக உள்ளே வரும். இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

சர்வர் விதி அப்படியில்லை. வெளியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள், நம் கணினி காத்திருந்து திறக்கிறது. முன்மேசையிலிருந்து உள்ளறைக் கணினியின் கோப்புகளை எடுக்க, அங்கே கோப்புப் பகிர்வுக்கான போர்ட் 445-ஐத் திறந்தோம். தம்பி எல்லா முகவரிகளுக்கும் அனுமதி கொடுத்திருந்தான். நான் அதை 192.168.1.0/24 (கடை நெட்வொர்க்கின் முகவரிகள்) என்று கடைக்குள் மட்டும் சுருக்கினேன். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது இதே 445 வழியாகத்தான். அப்புறம், ஏதாவது புரோகிராம் சர்வராக இயங்க அனுமதி கேட்டால் முதலில் மறுத்துவிடுவேன். வேலை நின்றால் மட்டும் திறப்பேன், பெரும்பாலும் நிற்பதில்லை.