ப்ளூ-ரே பார்க்க எது சரி: தனி பிளேயரா, கேமிங் கன்சோலா?

4கே டிவி வாங்கியாச்சு, இனி டிஸ்க் போட்டுப் படம் பார்க்கலாம் என்று முடிவு செய்தவர்களுக்குள் அடிக்கடி நடக்கும் வாதம் இது: தனியாக ஒரு பிளேயர் வாங்குவதா, இல்லை பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மாதிரி ஒரு கன்சோலே போதுமா? கேம் ஆடுவதற்காக ஏற்கெனவே கன்சோல் வைத்திருந்தால் முதலில் அதிலேயே பாருங்கள். டிஸ்க்குக்காகவே காசு செலவழிக்கப் போகிறீர்கள் என்றால் தனி பிளேயர்தான் என் தேர்வு.

படத்தில் இருந்து தொடங்கலாம். 4கே டிஸ்க், அதாவது 4கே படம் பதிந்த ப்ளூ-ரே, நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் தரவு தரக்கூடியது. ஸ்ட்ரீமிங்கில் வரும் 4கே பெரும்பாலும் அதன் பக்கத்தில்கூட வராது. இருட்டுக் காட்சிகளிலும் புகை, மழை நிறைந்த காட்சிகளிலும் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அந்தத் தரவைப் படிப்பதில் கன்சோலும் பிளேயரும் சமம்தான். பிரிவது டால்பி விஷனில். எச்டிஆர் என்பது இருட்டு, வெளிச்சம் இரண்டையும் கூடுதல் நுணுக்கத்தோடு காட்டும் முறை, டால்பி விஷன் அதையே காட்சிக்குக் காட்சி சரிசெய்து தரும் வகை. எச்டிஆர் உள்ள 4கே டிஸ்க் எல்லாவற்றிலும் எச்டிஆர்10 அடிப்படையாக இருக்கும், சிலவற்றில் அதற்கு மேல் டால்பி விஷனும் இருக்கும். பிளேஸ்டேஷன் 5-இல் டால்பி விஷனே கிடையாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கேமுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் அதைத் தரும், டிஸ்க்குக்குத் தராது. ஆக, இரண்டிலுமே டிஸ்க் படம் எச்டிஆர்10-இல்தான் ஓடும். வெளிச்சம் அதிகம் தரும் விலை உயர்ந்த டிவியில் இது பெரிய குறையாகத் தெரியாது. நடுத்தர டிவியில் தெரியும்.

தனி பிளேயர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பானசோனிக் யூபி820, டிஸ்க்கில் டால்பி விஷன் இருக்கிறதா என்று தானே பார்த்து மாறிக்கொள்ளும். சோனி எக்ஸ்700-இல் அதை அமைப்புகளுக்குள் போய் நாமே இயக்கி, அணைக்க வேண்டும். மறந்துபோய் அப்படியே விட்டுவிட்டால் சாதாரண எச்டிஆர்10 டிஸ்க்கையும் டால்பி விஷனாக மாற்றி அனுப்பும், நிறம் கொஞ்சம் பிசகும். அதே சோனியின் எக்ஸ்800எம்2 உயர்தர இசைக்கான சூப்பர் ஆடியோ சிடியையும் வாசிக்கும், அது பானசோனிக்கில் கிடையாது. பிளேஸ்டேஷன் 5-இல் சாதாரண ஆடியோ சிடிகூட ஓடாது. பழைய சிடி சேகரிப்பு உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள்.

சரி, ஒலிக்கு வருவோம். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். பிளேஸ்டேஷன் 5-இல் டிஸ்க் ஒலி முதலில் லீனியர் பிசிஎம் என்ற அமைப்பில் இருக்கும், அதாவது ஒலியைக் கன்சோலே பிரித்து அனுப்பும். அதில், தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கவைக்கும் டால்பி அட்மாஸின் மேல்பக்க ஒலிகள் தனியாக வராது. படம் ஓடும்போது ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தி, ஒலி வடிவத்தை, மூல ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்ற வேண்டும். தனி பிளேயரிலும் இதே போல ஒரு கண்ணி இருக்கிறது. சோனியில் பிடி ஆடியோ மிக்ஸ், பானசோனிக்கில் செகண்டரி ஆடியோ என்று இருக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் கூடுதல் வர்ணனையையும் மெனு ஓசையையும் கலப்பதற்காக பிளேயர் மூல ஒலியைப் பிரித்துவிடும், ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவரின் திரையில் அட்மாஸ் என்ற எழுத்தே வராது.

கேபிளை எங்கே சொருகுவது என்பதும் முக்கியம். பிளேயரில் இருந்து டிவிக்கு, டிவியில் இருந்து சவுண்ட்பாருக்கு என்று போனால், டிவி, சவுண்ட்பார் இரண்டிலும் ஈ-ஆர்க் (டிவியில் இருந்து ஒலியை முழுத் தரத்தில் வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ வசதி) இருக்க வேண்டும். அதன் பழைய வடிவமான வெறும் ஆர்க் என்றால் டிஸ்க்கில் இருக்கும் இழப்பற்ற ஒலி சுருங்கித்தான் போகும். சவுண்ட்பாரிலேயே 4கே எச்டிஆரைக் கடத்தும் எச்டிஎம்ஐ உள்ளீடு இருந்தால் பிளேயரை நேராக அதில் சொருகுங்கள், அதுதான் தலைவலி இல்லாத வழி. 4கே தெரியாத பழைய ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு இரட்டை எச்டிஎம்ஐ உள்ள பிளேயர் பெரிய வரம். ஒரு கேபிள் படத்தை டிவிக்கும், இன்னொன்று ஒலியை மட்டும் ரிசீவருக்கும் கொண்டுபோகும். கன்சோலில் ஒரே ஒரு வெளியீடுதான், அதனால் இந்த வழிக்கு வாய்ப்பே இல்லை.

அப்புறம், டிவி பக்கம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாக மேம்பட்ட சிக்னல் என்ற அமைப்பு இருக்கும். அதை இயக்காவிட்டால் எந்தப் பெட்டியைச் சொருகினாலும் எச்டிஆர் வராது. பிளேயரில், நொடிக்கு 24 பிரேம் என்ற சினிமா வேகத்திலேயே படத்தை அனுப்பும் 24பி வெளியீட்டையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் கேமரா மெதுவாக நகரும் காட்சிகள் விட்டுவிட்டுத் தாவும்.

கணினியில் டிரைவ் போட்டுப் பார்க்கும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸில் ப்ளூ-ரே வாசிக்கும் வசதி கூடவே வருவதில்லை, கட்டண மென்பொருள் வேண்டும். 4கே டிஸ்க்கின் பாதுகாப்பு முறைக்குத் தேவைப்பட்ட எஸ்ஜிஎக்ஸ் என்ற சிப் பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் புதிய டெஸ்க்டாப் சிப்களில் நீக்கிவிட்டதால் அந்தக் கதவும் ஏறக்குறைய மூடிவிட்டது.

ஒரு பகுதியில் விற்ற டிஸ்க்கை இன்னொரு பகுதிப் பிளேயரில் ஓடவிடாமல் தடுக்கும் மண்டலக் கட்டுப்பாட்டில் ஒரு ஆறுதல்: சாதாரண ப்ளூ-ரேவில் ஏ, பி, சி என்று பிரிவு உண்டு, 4கே டிஸ்க்கில் அந்தத் தொல்லை இல்லை. வெளிநாட்டில் இருந்து சாதாரண ப்ளூ-ரே வாங்குபவர்கள் பின்னட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெட்டி வாங்கினாலும் முதல் நாளே இணையத்தில் இணைத்து ஃபர்ம்வேரை, அதாவது பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளை, புதுப்பித்துவிடுங்கள். புதிய டிஸ்க்குகளின் பூட்டுச் சாவிகள் அதில்தான் வருகின்றன. வாங்குவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். ஓப்போ 2018-லேயே பிளேயர் தயாரிப்பை விட்டது, சாம்சங் 2019-இல் பின்வாங்கியது. இன்று கடையில் இருக்கும் மாடல்கள் கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய அளவுதான்.