எக்ஸ் தளத்தின் ‘கம்யூனிட்டி நோட்ஸ்’ சேவை: ஒரு மதிப்பீடு

இன்று எக்ஸ் எனப்படும் ட்விட்டர் 2021 ஜனவரியில் ‘பேர்ட்வாட்ச்’ என்ற பெயரில் அமெரிக்காவில் சோதனையாகத் தொடங்கிய இச்சேவையில், தவறான பதிவுகளுக்குக் கீழே பயனர்களே விளக்கக் குறிப்பு எழுதுகின்றனர். வழக்கமாக எதிரெதிராக மதிப்பிடுபவர்களும் ஒரு குறிப்பைப் பயனுள்ளது என ஒருசேர ஏற்றால்தான் அது அனைவருக்கும் காட்டப்படும் என்னும் விதியே இதன் பெரும்பலம். ஒரே கருத்துடைய கூட்டம் எவ்வளவு திரண்டு வந்தாலும், அந்த எண்ணிக்கை மட்டுமே இங்கே போதாது. விருப்பக்குறியும் மறுபகிர்வும் வெறும் தலைகளைத்தானே எண்ணுகின்றன! இதன் குறை, வேகமின்மை. உடன்பாட்டுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே ஆத்திரமூட்டும் பதிவு பரவிவிடுகிறது; கடும் சர்ச்சைகளில் பல குறிப்புகள் வெளிவருவதே இல்லை. மேலும், உண்மைச் செய்தியை வைத்தே ஒருவரைக் கூட்டமாக வசைபாடுவதை இக்கருவி தடுப்பதில்லை. குறிப்பு தாமதமாகத் தோன்றினாலும், அப்பதிவை முன்பே விரும்பியவர்களுக்கும் பகிர்ந்தவர்களுக்கும் அறிவிப்பு அனுப்பப்படுவது நல்ல ஏற்பாடு.