48 நாள், 8,640 ரூபாய்: பிரஷருக்கு ‘மூலிகை + மீன் பெப்டைடு செட்’ வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க

8,640 ரூபாய். முழுசாப் போச்சு. நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த ஆப்பிலிருந்து ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ன்னு மெசேஜ் வந்தது. எதைத் தீர்த்தாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. அந்தச் சூட்டோடதான் எழுதறேன், வார்த்தை தடித்திருந்தா பொறுத்துக்கங்க. இந்த மாதிரி சரக்கு வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு கடைசியில் விவரமாச் சொல்றேன்.

கடை பேர் வேண்டாம். மூலிகையும் சத்துப்பொருளும் விற்கிற ஆன்லைன் ஆப்களில் ஒண்ணு. அதுக்குள்ள கடை விரிச்சிருக்கிற ஒரு விற்பனையாளர், ‘டெல்டா மண்ணின் பாரம்பரியம்’னு போட்டுக்கிட்டவர். மூணு டின் வந்தது: ‘கோடியக்கரை சர்ப்பகந்தி வேர்ப்பொடி’ 300 கிராம், ‘சூரை மீன் பெப்டைடு’ (பெப்டைடுன்னா புரதத்தின் சின்னத் துண்டு) கேப்சூல் 96, ‘செம்பருத்தி டீ’ 100 கிராம். ஒரு மண்டலத்துக்கான செட். “நாளைக்கு 180 ரூபாதாண்ணே, ஒரு பிரியாணி காசு”ன்னு சொல்லித்தான் தலையில் கட்டினாங்க.

விஷயம் தெரிஞ்ச ஆள் எப்படி ஏமாந்தேன்னு கேட்பீங்க. தெரிஞ்சதாலதான் ஏமாந்தேன். அவங்க நோட்டீஸில் இருந்த வரலாற்றில் ஒரு வரி தப்பில்லை. 1931-ல் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி சர்ப்பகந்தி வேரிலிருந்து அஜ்மலின் உள்ளிட்ட ஆல்கலாய்டுங்கிற தாவரச் சத்துகளைப் பிரிச்சது, 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதினது, 1952-ல் சுவிட்சர்லாந்து சீபா கம்பெனி அந்த வேரில் பிரஷரை இறக்கற ரெசர்பினைத் தனியா எடுத்தது, எல்லாம் சரி. போனில் பேசின பொண்ணு நாகப்பட்டினத்துப் பேச்சு. “மீன்ல என்ன பெப்டைடும்மா?”ன்னு சும்மா கொக்கி போட்டேன். ஒமேகா, கொலாஜன்னு ஏதாவது உளறும்னு நினைச்சேன். மூச்சு விடாம வந்தது பதில்: “எல்கேபிஎன்எம்ணே. அஞ்சு அமினோ அமிலம். உள்ளே போய் மூணா உடைஞ்சு எல்கேபி ஆகும், அதுதான் ஏசிஇ நொதியைத் தடுக்கும். ஜப்பான்ல நாளைக்கு ஒன்றரை கிராம்.” அத்தனையும் சரி, ஏசிஇங்கிறது ரத்தக்குழாயைச் சுருக்கிப் பிரஷரை ஏத்தற வேலையில் இருக்கிற நொதி. லேப் ரிப்போர்ட் கேட்டேன், ரெண்டே நிமிஷத்தில் பிடிஎஃப் வந்தது. முதல் பக்கத்து முத்திரையைப் பார்த்ததோட ஜிபே திறந்துட்டேன். ரெண்டாம் பக்கம் புரட்டலை. புரட்டாத அந்த ஒரு பக்கத்துக்குத்தான் 8,640.

இப்ப டின்களுக்கு வர்றேன்.

பொடி. சர்ப்பகந்தி வேர்ப்பொடி வெளிறின மஞ்சள் கலந்த பழுப்பா இருக்கும். ஒரு சிட்டிகை நாக்கில் பட்டாலே கசப்பு காது வரை ஏறும். இந்த டின்னில் இருந்தது இளஞ்சிவப்பு. கசக்கலை, துவர்த்தது. நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டைத் தூள் வாங்கினவங்களுக்கு இந்த நிறமும் துவர்ப்பும் பழக்கம். மருதத்தையே தலவிருட்சமா வச்சிருக்கிற திருவிடைமருதூர் பக்கத்தில் இருந்துக்கிட்டு எனக்கு அதைத் தெரியாமப் போகுமா? மருதம்பட்டை கெட்ட சரக்கு இல்லை. ஆனா அது சர்ப்பகந்தி விலைக்கு விற்கிற சரக்கும் இல்லை.

இன்னொரு பக்கம் யோசிச்சேன். டின்னில் நிஜமாவே சர்ப்பகந்தி இருந்திருந்தா? டின்னில் போட்டிருக்கிற அளவு காலை ஒரு டீஸ்பூன், மாலை ஒரு டீஸ்பூன். ஒரு ஸ்பூன் சுமார் 3 கிராம், நாளைக்கு 6. தரமான வேரில் ரெசர்பின் வகை ஆல்கலாய்டு குறைஞ்சது 0.15 சதவீதம் இருக்கணும். 6 கிராமுக்கு 9 மில்லிகிராம். ரெசர்பின் மாத்திரையா கொடுத்த காலத்தில் ஒரு நாளைக்குக் கொடுத்தது 0.1-லிருந்து 0.25 மில்லிகிராம்.  இவங்க சொல்ற ஸ்பூன் கணக்கு அந்த 0.25-க்கே 36 மடங்கு. அப்படி உள்ளே போனா மூக்கடைப்பு, தூக்கக் கலக்கம், நாடித் துடிப்பு இறங்கறது, குடல்புண். எல்லாத்துக்கும் மேல ஆழமான மனச்சோர்வு. ரெசர்பினின் வேலை மெதுவா ஏறும், நிறுத்தின பிறகும் பல நாள் நிற்கும். ஆக, லேபிள் பொய்யா இருந்ததால் காசு போச்சு. உண்மையா இருந்திருந்தா ஆளே போயிருக்கலாம். இந்தக் கணக்கு அந்தப் பொண்ணுக்குத் தெரியாம இருக்காது.

‘கோடியக்கரை’ங்கிறது தனிப் புளுகு. 1967-லிருந்து வனவிலங்கு சரணாலயம் அது. அங்கே வேர் தோண்டினா கையில் விலங்குதான் மாட்டும். சர்ப்பகந்தி விரும்பறது மலையடிவாரத்து ஈரக் காடு, உப்புக்காத்து அடிக்கிற கடற்கரைக் காடு இல்லை.

கேப்சூல். ஜப்பானில் அந்தப் பெப்டைடை எடுக்கறது சூரை இனத்து மீனைப் புகைபோட்டு மரக்கட்டை மாதிரி உலர்த்தி, அதைத் தெர்மோலைசின்ங்கிற நொதி விட்டுச் செரிக்க வச்சு. அப்படிச் செரிச்ச புரதம் தண்ணியில் கரையும். வெறும் கருவாட்டுத் தூள் கரையாது. பத்து கேப்சூலைப் பிரிச்சு ஒரு டம்ளர் வெந்நீரில் கொட்டிக் கலக்கினேன். அஞ்சு நிமிஷத்தில் அடியில் விரல்கடை உயரத்துக்குப் பழுப்பு வண்டல், மேல கலங்கல், வீடு பூரா கருவாட்டு வாடை. மேல் தண்ணியை வேட்டித் துணியில் ரெண்டு தரம் வடிகட்டி எவர்சில்வர் தட்டில் ஊத்தி மொட்டைமாடியில் வச்சேன். சாயங்காலம் தட்டு ஓரத்தில் சின்னச் சின்னச் சதுரமா வெள்ளைப் பரல். வேதாரண்யத்து உப்பளத்தைப் பார்த்தவங்களுக்கு அது என்னன்னு சொல்ல வேண்டாம். கேப்சூலில் இருக்கிற உப்பு அளவுக்குப் பிரஷர் ஏறிடாது, அதை நேர்மையாச் சொல்லிடணும். ஆனா பிரஷருக்கு மருந்துன்னு உப்புக் கருவாட்டை அரைச்சு அடைச்சு விற்க ஒரு நெஞ்சழுத்தம் வேணும்ல? போதாக்குறைக்கு 500 மில்லிகிராம் கேப்சூல், நாளைக்கு ரெண்டு. முழுக்கப் பெப்டைடாவே இருந்தாலும் ஒரு கிராம்தான் வருது. போனில் சொன்ன ஒன்றரை கிராம் எங்கே?

கடல் சரக்கு எல்லாமே பித்தலாட்டம்னு சொல்ல வரலை. கொச்சி மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமே கடற்பாசியிலிருந்து பிரஷருக்கு ஒரு சாறு எடுத்து வெளியிட்டிருக்கு.

மூணாவது, டீ. எனக்கு வயிறு எரியறது இதில்தான். 2010-ல் வந்த ஆய்வு நிஜம்: 65 பேர், ஆறு வாரம், நாளைக்கு மூணு வேளை, 240 மில்லி தண்ணிக்கு 1.25 கிராம். மேல் அழுத்தம் சராசரியா 7 புள்ளி இறங்கினது, சும்மா சாயத் தண்ணி குடிச்சவங்களுக்கு 1 புள்ளி. ஆனா அந்த ஆய்வில் குடிச்சது புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சதைப்பற்றுள்ள சிவப்புப் புல்லிவட்டம், பூவுக்கு அடியில் கிண்ணம் மாதிரி இருக்குமே அது. இங்கிலீஷில் ரெண்டுக்கும் ஹைபிஸ்கஸ்னு ஒரே பேர் வர்றதால நம்ம வேலியோரச் செம்பருத்தி இதழைக் காயவச்சு அடைச்சிருக்காங்க. ரெண்டும் தண்ணியைச் சிவப்பாக்கும், அதனால கண்ணை நம்பாதீங்க. நாக்கை நம்புங்க: புல்லிவட்டம் தானாவே நல்லாப் புளிக்கும், செம்பருத்தி இதழ் சப்புனு கொழகொழன்னு இருக்கும். அளவும் உதைக்குது. நாளைக்கு 3.75 கிராம்னா 100 கிராம் டின் 26 நாளில் காலி.

அதோட முடியலை. டீ இனிச்சது. சர்க்கரை இல்லைன்னு போட்டிருக்கு, அப்புறம் எப்படி இனிக்கும்? லென்ஸ் வச்சுப் படிச்சேன். உட்பொருள் பட்டியலில் ரெண்டாவதா ‘யஷ்டிமது’. எடை அதிகமானதுதான் முதலில் வரணும்ங்கிறது விதி, ரெண்டாவதுன்னா கணிசமான அளவு. யஷ்டிமதுன்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம அதிமதுரம். பிரஷர்காரங்க தொடவே கூடாத சரக்கு. அதில் இருக்கிற கிளைசிரைசின் சிறுநீரகத்தில் கார்டிசால்ங்கிற ஹார்மோனைச் செயலிழக்க வைக்கிற நொதியை முடக்கும். உடம்பு உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும், பிரஷர் ஏறும். நீர் பிரியறதுக்கு மாத்திரை சாப்பிடறவங்களுக்குப் பொட்டாசியம் ரெட்டை வேகத்தில் இறங்கும். வீட்டில் இதைக் குடிச்சவருக்குப் பதினேழாம் நாள் 146/90-லிருந்து 164/98. பொட்டாசியம் 3.2-தான் இருந்தது, அது 3.5-க்குக் கீழே போகக் கூடாது. டாக்டர் பார்த்த உடனே நிறுத்தச் சொன்னது டீயைத்தான்.

போன் பண்ணினேன். முதல் தரம்: “மண்டலம் முடியட்டும்ணே.” ரெண்டாம் தரம்: “உடம்பு கழிவை வெளியேத்துது, அதான் ஏறிக் காட்டுது. அந்த வெள்ளை மாத்திரையை நிறுத்திட்டீங்களா? ரெண்டும் சேரக் கூடாதே.” அட்டெனோலால், அதான் அந்த வெள்ளைப் பிரஷர் மாத்திரை, சாப்பிடறவர் திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமாம்மான்னு கேட்டேன், லைன் கட். மூணாம் தரம் எடுக்கவே இல்லை. ஆப்பில் போட்டேன். ‘சீல் உடைத்த உணவுப்பொருளைத் திரும்பப் பெற இயலாது.’ சீலை உடைக்காம எப்படிய்யா நாக்கில் வைக்கிறது? ‘தரத்துக்கு விற்பனையாளரே பொறுப்பு.’ விற்பனையாளர் நம்பர் கேட்டா ‘தனியுரிமை’. கடைசியா ஒரு கூப்பன், அடுத்த ஆர்டரில் 500 ரூபாய் கழிவு. ஏதோ கழிவு வெளியேறுதுன்னு அந்தப் பொண்ணு சொன்னது இதைத்தான் போல.

அந்த ரெண்டாம் பக்கத்தை இப்பப் படிச்சேன். சோதனை பண்ணினது ஈயம், பாதரசம், பாக்டீரியா மட்டும். ரெசர்பின் எவ்வளவு, பெப்டைடு எவ்வளவுன்னு ஒரு வரி இல்லை. ரிப்போர்ட்டில் இருக்கிற பேட்ச் நம்பர் வேற, என் டின் நம்பர் வேற.

விவரமா எழுதறேன்னேன், கை ஓடலை. சுருக்கமா: 14 இலக்க உணவு உரிமம் மட்டும் இருந்தா அது உணவு, சத்துப்பொருளா விற்கிறதுன்னா ‘மருந்தாகப் பயன்படுத்த அல்ல’ன்னு லேபிளிலேயே போட்டிருக்கணும்; பிரஷரைக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்றதே 1954-ல் வந்த மருந்து, மாய வைத்திய விளம்பரத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அதைச் சொன்னாலே போனை வச்சிடுங்க. லேப் ரிப்போர்ட்டில் பேட்ச் நம்பர் பாருங்க. யஷ்டிமது, முலேத்தி, அதிமதுரம், எந்தப் பேரில் வந்தாலும் வேண்டாம். ஓடற மாத்திரையை எவன் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீங்க. அம்லோடிபைன்ங்கிற பிரஷர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாவே கிடைக்குது, 8,640 வேண்டாம். புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். ஆப் வச்சிருக்கிறவங்க 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதா பதில் தரணும், ஒரு மாசத்தில் முடிக்கணும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். கோபத்தில் டின்னைக் குப்பையில் போட்டுடாதீங்க, மிச்சப் பொடி, பில், ஜிபே ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வேணும். என்னோட மூணு டின்னும் பையில் கட்டி அலமாரி மேல இருக்கு.