கத்தியா, பாயா? டிஸ்க் பிதுங்கியபின் நான் போட்ட கணக்கு

போன ஆடியில் தண்ணீர் கேனைத் தூக்கும்போது இடுப்பில் சுரீர் என்றது. இரண்டே வாரத்தில் வலி பின்தொடை வழியாக இறங்கி இடது கால் பெருவிரலுக்கு வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்தால், ரிப்போர்ட்டில் நான்கு இடத்தில் கோளாறு. தேய்மானம், பல்ஜ் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் லேசாகப் புடைப்பது), அப்புறம் கீழ்முதுகின் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க்கில் எக்ஸ்ட்ரூஷன் (உள்ளிருக்கும் கூழ் வெளியே பிதுங்குவது). படித்து முடிப்பதற்குள் எனக்கு எண்பது வயதாகிவிட்டது.

நான்கில் மூன்றைப் பொருட்படுத்த வேண்டாமென்று டாக்டர் அடித்துவிட்டார். 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது பல்ஜ். எக்ஸ்ட்ரூஷன் மட்டும் 1 சதவீதம்தான். பல்ஜும் தேய்மானமும் நரைமுடி மாதிரி. ஆனால் என் கால்வலி, அந்தப் பிதுங்கிய டிஸ்க்கின் பக்கமாகப் பெருவிரல் வரை இறங்கும் எல்5 நரம்பின் வழியிலேயே போனது. படமும் காலும் ஒத்துப்போன இடம் அந்த ஒன்றுதான்.

சரி, என்ன செய்வது? ஊசி, ஆபரேஷன், இல்லையென்றால் பாயை விரித்துத் தினமும் பயிற்சி. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. மச்சானுக்கு ஆறு வாரம் நிம்மதி கொடுத்தது, பிறகு பழைய குடைச்சல். ஒரே ஆளை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன்.

ஆபரேஷனின் பலம் வேகம். 2007-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், கால்வலி வந்து 6 முதல் 12 வாரமான 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். சீக்கிரமே ஆபரேஷனுக்குப் போன அணிக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு அணியிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் முடிவில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு.

என்னைப் பாய் பக்கம் சாய்த்தது பராமரிப்புக் கணக்கு. "ஆபரேஷன் பண்ணிட்டா இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டாம்தானே சார்?" என்று கேட்டேன். "அதுக்கப்புறமும் பண்ணணும். அதே இடத்துல திரும்பப் பிதுங்கலாம்" என்றார். எப்படியும் பாயில் படுக்கத்தான் வேண்டுமென்றால் முதலிலேயே படுத்துவிடலாமே!

காலையில் இருபது நிமிடம். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி இரண்டு நிமிடம். பிறகு இடுப்பைத் தரையிலேயே விட்டு, கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்குவது பத்து தடவை. மூன்றாவது வாரம் பெருவிரல் வலி கெண்டைக்காலுக்கு ஏறியது. இடுப்போ கூடுதலாக வலித்தது. பயந்து போன் செய்தேன். வலி காலைவிட்டு மேலே ஏறினால் நல்லது என்றார் பிசியோ அக்கா. தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஐந்து நாள் பாயை விரிக்கவில்லை. ஆறாம் நாள் கெண்டைக்கால் மறுபடி இழுத்தது. இந்த வழியின் பலவீனம் அதுதான்: யாரும் வந்து செய்துதர மாட்டார்கள்.

என் பாதத்தில் பலம் குறையவில்லை என்பதால்தான் இந்த ஒப்பீட்டுக்கே இடம் இருந்தது. பாதம் தொங்கினாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இப்போது வலி பிட்டத்தோடு நிற்கிறது. கேனை மகன் தூக்குகிறான். அவன் இல்லாத நாளில் கேன் வாசலிலேயே இருக்கும். சொம்பில் மொண்டு மொண்டு உள்ளே கொண்டுபோகிறேன்.